அடுத்தடுத்த கனங்களின் வித்தியாசம்: கேள்வி பதில்

கேள்வி: 25³ − 24³ மதிப்பைக் காண இரண்டு கனத்தையும் பெருக்கித்தான் ஆக வேண்டுமா, சார்? தேர்வில் நேரமே போதவில்லை. (பத்தாம் வகுப்பு மாணவி)

வேண்டாம்மா. சிறிய எண்ணை (இங்கே 24) க என்று வைத்துக்கொள்ளுங்கள். (க + 1)³ முற்றொருமையை விரித்து அதில் க³-ஐக் கழித்தால் 3க² + 3க + 1 கிடைக்கும். பெரும்பாலோர் அத்துடன் நிறுத்திவிடுகிறார்கள். இன்னும் ஒரு படி போய் 3க(க + 1) + 1 என்று எழுதிப் பாருங்கள். 24 × 25 = 600, மூன்று மடங்கு 1800, ஒன்றைக் கூட்டினால் 1801. பேனாவே தேவையில்லை.

கேள்வி: அந்த வடிவத்தில் அப்படி என்ன விசேஷம்? இரண்டும் ஒன்றுதானே? (அதே மாணவி)

மதிப்பு ஒன்றுதான். ஆனால் எண்ணின் குணம் இந்த வடிவத்தில்தான் கண்ணுக்குத் தெரியும். க, க + 1 இரண்டில் ஒன்று கட்டாயம் இரட்டை எண். அதனால் க(க + 1) எப்போதும் இரட்டை. அதை மூன்றால் பெருக்கினால் 6-இன் மடங்கு. ஆக, வித்தியாசத்தை 6-ஆல் வகுத்தால் மீதி எப்போதும் 1. 2³ − 1³-இல் தொடங்கி வரும் 7, 19, 37, 61, 91, 127 என்று எதை வேண்டுமானாலும் வகுத்துப் பாருங்கள்.

இன்னொன்றும் இருக்கிறது. அடுத்தடுத்த இரு எண்களின் பெருக்கல் 0, 2, 6 என்ற இலக்கங்களில்தான் முடியும். மூன்றால் பெருக்கினால் 0, 6, 8. ஒன்றைக் கூட்டினால் 1, 7, 9. உங்கள் விடை 3-இலோ 5-இலோ முடிந்தால் எங்கோ தவறு என்று அந்த இடத்திலேயே தெரிந்துவிடும். தேர்வறையில் இதைவிட நல்ல சரிபார்ப்பு எனக்குத் தெரியாது.

கேள்வி: மகனுக்குச் சூத்திரம் மனதில் நிற்கவில்லை. கண்ணால் காட்ட வழி உண்டா? (ஒரு தந்தை)

உண்டு. ஒரே அளவுள்ள கனசதுரக் கட்டைகள் 27 எடுத்து 3 × 3 × 3 கனமாக அடுக்குங்கள். ஒரு மூலையில் 2 × 2 × 2 கனத்தை மட்டும் விட்டுவிட்டு மற்றதை எடுக்கச் சொல்லுங்கள். முகங்களில் நான்கு நான்காக மூன்று பலகை, ஓரங்களில் இரண்டு இரண்டாக மூன்று வரிசை, மூலையில் ஒற்றைக் கட்டை: 12 + 6 + 1 = 19. 3க², 3க, 1 மூன்றும் அவன் கையிலேயே இருக்கும்.

கேள்வி: 7, 19, 37, 61 எல்லாமே பகா எண்கள். எப்போதும் அப்படித்தானா? (கல்லூரி மாணவர்)

இல்லை. அடுத்து வரும் 91 = 7 × 13. ஆனால் அந்த 91-ஐ விட்டுவிடாதீர்கள்: அது 6³ − 5³, 27 + 64-உம் அதுவே. எனவே 3³ + 4³ + 5³ = 6³. எத்தனை முறை பார்த்தாலும் எனக்கு அலுக்காத சமன்பாடு இது.

கேள்வி: வித்தியாசங்களின் வித்தியாசத்தை எடுத்தால்? (ஆசிரியர்)

12, 18, 24 என்று வரும். அதற்கும் எடுத்தால் 6, 6 என்று மாறாமல் நிற்கும். எனவே பெருக்கலே இல்லாமல், வெறும் கூட்டலால் கன அட்டவணை முழுவதையும் எழுதலாம். 19-ஆம் நூற்றாண்டில் ஆங்கிலேயக் கணிதவியலாளர் சார்லஸ் பாபேஜ் வடிவமைத்த வித்தியாசப் பொறி என்ற கணக்கிடும் இயந்திரம் இந்த உத்தியில்தான் இயங்குகிறது.

கேள்வி: இந்த வித்தியாசம் முழு வர்க்கமாக வருமா? (போட்டித் தேர்வர்)

வரும். 8³ − 7³ = 169 = 13². அடுத்தது வெகுதூரம் தள்ளி, 105³ − 104³. 104 × 105 = 10,920; மூன்று மடங்கு 32,760; ஒன்றைக் கூட்டினால் 32,761. அது 181².