அதே ஜான்சன்தான்!

கேள்வி: கறுப்பின மக்களோட ஓட்டுரிமைக்குச் சட்டம் போட்ட, 1960-கள்ல அமெரிக்க அதிபரா இருந்த லிண்டன் ஜான்சன்தான் வியட்நாம்லயும் குண்டு போட்டாரா, நம்பவே முடியலையே சார்?
- வாசகர், திண்டுக்கல்

பதில்: அதே ஆள்தாங்க. 1965 ஜூலை 28 பிரஸ் மீட்ல வியட்நாம்ல இருக்குற அமெரிக்கப் படையை 1,25,000 ஆக்குறேன்னு சொல்றாரு, ரெண்டே நாள்ல மிசௌரி போய் வயசானவங்களுக்கான மெடிகேர் மருத்துவக் காப்பீட்டுச் சட்டத்துல கையெழுத்துப் போட்டு, முன்னாள் அதிபர் ட்ரூமனை முதல் பயனாளியா சேர்க்குறாரு. வியட்நாமைக் கைவிட்டா தன்னோட சீர்திருத்தமும் அமெரிக்க நாடாளுமன்றமான காங்கிரஸ்ல படுத்துடும்னு பயந்தாரு, கடைசில வறுமை ஒழிப்புக்கான பணத்தை போர்ச் செலவுதான் முழுங்குச்சு, எனக்கு இது ஆறவே மாட்டேங்குது. 1968-ல படை 5 லட்சம் தாண்ட, மார்ச் 31 ராத்திரி டிவியில இனி தேர்தல்ல நிக்கலைன்னுட்டாரு. படை முழுசா வெளிய வந்தது அடுத்த அதிபர் நிக்சன் காலத்துல, 1973 பாரிஸ் அமைதி ஒப்பந்தத்துக்கு அப்புறம். கட்டாய ராணுவச் சேர்ப்பும் அந்த வருஷந்தான் நின்னுச்சு.