சப்ளி (மறுதேர்வு), வைவா (வாய்மொழித் தேர்வு), தூங்காத இரவு: மருத்துவ மாணவர்களின் கேள்விகள்

முதலாண்டு ஃபிசியாலஜியில் ஃபெயில். வீட்டில் சொல்லவில்லை. 3 வாரமாகத் தூக்கமில்லை, மெஸ்ஸுக்கும் போவதில்லை. செத்துவிடலாம் போலிருக்கிறது.

வந்த கடிதங்களில் உங்களுடையதற்குத்தான் முதல் பதில். இன்றிரவு தனியாக இருக்காதீர்கள். ரூம்மேட்டிடமோ அக்காவிடமோ இதை அப்படியே சொல்லுங்கள். 14416, அரசின் மனநல உதவி மையமான டெலி-மானஸ் எண். 24 மணி நேரமும் இலவசமாகத் தமிழில் பேசலாம். எண்ணம் முற்றினால் நேராக அவசர சிகிச்சைப் பிரிவுக்குப் போங்கள். நாளையே மனநல ஓ.பி.யில் காட்டுங்கள். சொந்தப் பேராசிரியர் கண்ணில் படுவோமே என்று கூச்சமா? சரி, வேறு மருத்துவமனைக்குப் போங்கள். 2 வாரத்துக்கு மேல் தூக்கமும் பசியும் போனால் அது டிப்ரெஷனாக இருக்கலாம், சிகிச்சை உண்டு. முதலாண்டுத் தேர்வுக்கு 4 வாய்ப்புகள் தருகிறார்கள், போனது ஒன்றுதான். வீட்டில் பெரிய விளக்கமெல்லாம் வேண்டாம். "ஒரு பேப்பர் போச்சும்மா, மனசும் சரியில்லை" என்றால் போதும்.

அனாடமியை மூன்று முறை படித்தாயிற்று. புத்தகத்தை மூடினால் எதுவும் நிற்கவில்லை. ஞாபக சக்தி போய்விட்டதா?

ஞாபக சக்தி இல்லாமலா நீட்டைத் தாண்டி வந்தீர்கள்? மூன்றாம் முறை புரட்டும்போது பக்கம் பழகிவிடுகிறது. பழகியதையே தெரிந்ததாக மனம் எடுத்துக்கொள்கிறது. கைக்குப் போகும் நரம்புப் பின்னலான பிரேக்கியல் பிளெக்ஸஸை ஒருமுறை படியுங்கள். புத்தகத்தை மூடிவிட்டு வெள்ளைத்தாளில் வரையுங்கள்: 5 ரூட், 3 டிரங்க், 6 டிவிஷன், 3 கார்டு. கை எங்கே நிற்கிறதோ அதை மட்டும் திறந்து பாருங்கள். மறுநாள் ஒருமுறை, ஒரு வாரம் கழித்து ஒருமுறை மறுபடி வரையுங்கள். எரிச்சல் வரும், அப்படித் திணறித் தேடி எடுப்பதுதான் நிற்கும். கலர் கலராக ஹைலைட்டர் போட்டால் புத்தகம் அழகாகும், அவ்வளவுதான்.

வைவாவில் கை நடுங்குகிறது. சீனியர் ப்ரோப்ரனலால் மாத்திரை போட்டுக்கொள்ளச் சொல்கிறார்.

நடுக்கத்தையும் படபடப்பையும் அது குறைக்கும், உண்மைதான். ஆனால் ஆஸ்துமா இருப்பவருக்கு மூச்சுக்குழாயைச் சுருக்கிவிடும். (ஃபார்மகாலஜி வைவாவில் உங்களிடமே இதைக் கேட்பார்கள்.) டாக்டர் சொல்லாமல் தொடாதீர்கள். ரூம்மேட்டை எக்ஸாமினராக உட்காரவைத்து, தினமும் பத்து நிமிடம் வாய்விட்டுப் பதில் சொல்லிப் பழகுங்கள். "தெரியவில்லை சார்" என்பதையும் நிதானமாகச் சொல்லிப் பாருங்கள். பலர் அங்கேதான் உடைந்துபோகிறார்கள்.

தேர்வுக்கு முந்தின இரவு கண்விழிக்கலாமா?

வேண்டாம். படித்ததை மூளை கெட்டிப்படுத்துவது தூக்கத்தில்தான். அப்புறம் அந்தக் காபி: குடித்து சுமார் 5 மணி நேரம் கழித்தும் பாதி காஃபீன் ரத்தத்தில் இருக்கும். மாலை 4 மணியோடு நிறுத்துங்கள்.