வாசகர் கடிதம்: காலைச் சாப்பாடும் தீர்ப்பும்

அன்புள்ள ஐயா,

சட்டக் கல்லூரியில் மூன்றாம் ஆண்டு படிக்கிறேன். நீதிமன்றம் உண்மையில் எப்படித் தீர்ப்பு சொல்கிறது என்று பார்க்கச் சொன்ன அமெரிக்க இயக்கமான 'லீகல் ரியலிசம்' பாடத்தில் நான்கு பக்கம் வருகிறது. நீதிபதி காலையில் என்ன சாப்பிட்டாரோ அதுதான் தீர்ப்பு என்பதே அதன் சாரம் என்று வகுப்பில் சொன்னார்கள். அப்படியானால் நாங்கள் எதற்குச் சட்டம் படிக்க வேண்டும்? அந்த இயக்கம் அங்கே இன்னும் உயிரோடு இருக்கிறதா?

எஸ்.

அன்புள்ள எஸ்,

உங்கள் கடிதம் வந்தபோது, அந்த இயக்கத்தைச் சேர்ந்த ஜெரோம் ஃபிராங்க் 1949ல் எழுதிய 'கோர்ட்ஸ் ஆன் டிரையல்' என் மேஜையில் விரித்துக் கிடந்தது. அதனால்தான் இந்தப் பதில்.

முதலில் அந்தக் காலைச் சாப்பாட்டைத் தூக்கிப் போடுங்கள். யாரோ செய்த கேலியை அந்த இயக்கத்தின் தலையில் கட்டிவிட்டார்கள். 2011ல் இஸ்ரேலின் பரோல் விசாரணைகளை வைத்து, சாப்பாட்டு இடைவேளை நெருங்க நெருங்க விடுதலை குறைகிறது என்று ஓர் ஆய்வு வந்தது, உலகமே பகிர்ந்தது. வக்கீல் இல்லாத கைதிகளின் மனுக்கள்தான் இடைவேளைக்குச் சற்று முன்னால் வருகின்றன, நிராகரிப்புக்கு அது காரணமாகலாம் என்று உடனே வந்த மறுப்பை யாரும் படிக்கவில்லை. மூன்று வருஷம் சட்டம் படித்தவர் ஒரு துணுக்கை நம்பிப் படிப்பையே சந்தேகிப்பது எனக்கு வருத்தமாக இருக்கிறது. அந்த இயக்கத்துக்கு முன்னோடியான அமெரிக்க நீதிபதி ஹோம்ஸ் 1897ல் பாஸ்டனில் ஆற்றிய உரை சில பக்கங்கள்தான். நீதிமன்றம் உண்மையில் என்ன செய்யும் என்ற முன்கணிப்பைத்தான் சட்டம் என்கிறேன் என்றார். அதையாவது படித்துவிட்டு வந்திருக்கலாம்.

உயிரோடு இருக்கிறதா என்றால், பாதி இருக்கிறது. விதியிலிருந்து தீர்ப்பு தானாக விழுந்துவிடாது என்ற, இயக்கத்தின் இன்னொரு முக்கியப் பெயரான லெவலின் தரப்பை அமெரிக்கா செரித்துக்கொண்டது. வணிகர்கள் நடைமுறையில் எப்படிக் கொடுக்கல் வாங்கல் செய்கிறார்களோ அதை வணிகச் சட்டத் தொகுப்புக்குள்ளேயே அவர் கொண்டுபோய் வைத்தார். மற்ற பாதி ஃபிராங்க்குடையது. அதை எல்லோரும் மரியாதையாக ஓரம்கட்டிவிட்டார்கள்.

ஃபிராங்க் சொன்னது இது. நீங்களெல்லாம் மேல்முறையீட்டுத் தீர்ப்புகளைப் படித்துவிட்டு விதியைப் பற்றியே சண்டை போடுகிறீர்கள். வழக்கு தோற்பது கீழ்க்கோர்ட்டில், விவரத்தில். நடந்தது போய்விட்டது. சாட்சி அதில் கொஞ்சம் பார்த்தான், கொஞ்சம் மறந்தான், மிச்சத்தைச் சொன்னான். அதைக் கேட்கும் நீதிபதியும் ஒரு சாட்சிதான், சாட்சிகளைப் பார்த்த சாட்சி. மேல்கோர்ட்டுக்குப் போவது வெறும் காகிதம். மருத்துவ மாணவன் நோயாளியைப் பார்க்கிற மாதிரி சட்ட மாணவனும் கட்சிக்காரனைப் பார்க்கட்டும் என்று 1933லேயே கேட்டார்.

எனக்கு இதைப் புரியவைத்தது புத்தகம் அல்ல, என் அத்தை. வரப்புத் தகராறு. முன்சீப் கோர்ட்டில் அத்தை கூண்டில் நிற்கிறாள், எனக்குப் பதினேழு வயது, பின்னால் சுவரோரம் நிற்கிறேன். குறுக்கு விசாரணையில் எதிர்த்தரப்பு வக்கீல் கேட்டார்: "வரப்பு வேப்பமரத்துக்குக் கிழக்கதானம்மா இருக்கு?"

"இப்ப கிழக்கதாங்க இருக்கு. வெள்ளம் வடிஞ்சப்புறம் அவங்க நகத்திப் போட்டதுங்க."

நீதிபதி தலையைத் திருப்பாமல் டைப்பிஸ்டுக்குச் சொன்னார்: "வரப்பு வேப்பமரத்திற்குக் கிழக்கே உள்ளது என்று சொன்னால் சரிதான்."

டைப்ரைட்டர் தடதடத்தது. 'இப்ப' போயிற்று. வெள்ளம் போயிற்று. அத்தை கைநாட்டு வைத்துவிட்டு, மையைத் தூணில் துடைத்தபடி "நல்லா சொன்னேனாடா?" என்று கேட்டாள். நல்லா சொன்னீங்க அத்தை என்றேன். அப்பீலில் அந்த ஒரு வரியை 'சாட்சியே ஒப்புக்கொண்டது' என்று எடுத்துக்கொண்டார்கள். அந்த நீதிபதி கெட்டவர் இல்லை. அன்று நாற்பது கட்டு இருந்திருக்கும். அவர் என்ன சாப்பிட்டார் என்று எனக்குத் தெரியாது, தெரிந்தும் பிரயோஜனம் இல்லை.

ஃபிராங்க்குக்கே இது நேர்ந்தது, எஸ். 1941ல் அவர் மேல்முறையீட்டு நீதிபதியானார். சோவியத்துக்கு உளவு பார்த்ததாக மரண தண்டனை பெற்ற ரோசன்பர்க் தம்பதியின் அப்பீல் 1952ல் அவர் முன் வந்தது. குற்றவாளிக் கூட்டாளிகளின் சாட்சியத்தைத் தள்ளிவிட்டால் தண்டனை நிற்காது என்று தீர்ப்பில் அவரே எழுதினார். ஆனால் சாட்சி நம்பத்தக்கவனா என்று பார்ப்பது ஜூரியின் வேலை, இந்தக் கோர்ட்டுக்கு அனுமதி இல்லை என்று அடுத்து எழுதி, தண்டனையை உறுதிசெய்தார். 1953 ஜூன் 19 அன்று இருவரையும் மின்நாற்காலியில் உட்கார வைத்தார்கள்.

அந்தத் தம்பதியில் மனைவியான எதெலுக்கு எதிரான முக்கியச் சாட்சி அவருடைய தம்பி. ரகசியக் குறிப்புகளை அக்காள்தான் டைப் செய்தாள் என்று கூண்டில் சொன்னான். ஏறத்தாழ ஐம்பது வருஷம் கழித்து, அவள் டைப் செய்ததாகத் தனக்கு ஞாபகமே இல்லை என்றான்.