பெயரை எடுத்துவிட்டால் போதுமா?

கேள்வி: குழந்தைப்பேற்றுக்காகச் சிகிச்சை பெறும் பெண்கள் ஓர் இணையக் குழுவில் எழுதும் பதிவுகளை முனைவர் பட்டத்துக்காக ஆராய்கிறேன். குழுவை யாரும் படிக்கலாம். பெயர்களை நீக்கிவிட்டு அவர்கள் எழுதியதை அப்படியே மேற்கோள் காட்டலாமா? அனுமதி கேட்க வேண்டுமா?
— ஆய்வு மாணவி ஒருவர்

பதில்: கேட்காமல் காட்டாதீர்கள். சூடுபட்டவன் சொல்கிறேன். தூக்கமின்மை பற்றிய கட்டுரை ஒன்றில், இணையத்தில் ஒருவர் எழுதிய இரண்டு வரிகளை எடுத்துப் போட்டேன். பெயரை மாற்றினேன், வயதை மாற்றினேன், தொழிலைக்கூட மாற்றினேன். இதழ் வெளிவந்த அன்றே நண்பர் ஒருவர் அந்த வரிகளைத் தேடுபொறியில் இட்டார். முதலில் வந்ததே எழுதியவருடைய பக்கம், புகைப்படத்தோடு! தொழிலை மாற்றிய என் சாமர்த்தியத்தை நினைத்தால் இன்றும் கூசுகிறது.

நானாவது தனி ஆள். 2006-இல் ஏஓஎல் என்ற அமெரிக்க இணைய நிறுவனம், ஆய்வாளர்களுக்குப் பயன்படட்டும் என்று சுமார் 6,50,000 பேரின் மூன்று மாதத் தேடல்களை வெளியிட்டது. பெயர் கிடையாது, ஆளுக்கு ஓர் எண். சில நாட்களிலேயே ஓர் எண்ணுக்கு உரிய பெண்மணியை நியூயார்க் டைம்ஸ் கண்டுபிடித்துவிட்டது. அவர் தேடிய ஊரும் உறவினர்களின் குடும்பப் பெயருமே காட்டிக்கொடுத்தன. (அந்த எண்ணை இங்கே எழுதப்போவதில்லை.)

'யாரும் படிக்கலாம்' என்கிறீர்கள். படிக்கலாம்தான். ஆனால் கரு தங்கவில்லை என்று நள்ளிரவில் எழுதுகிறவள், தன்னைப்போல் விழித்திருக்கும் இன்னொருத்திக்காக எழுதுகிறாள். உங்கள் தேர்வாளருக்காக அல்ல. 'விதிமுறைகளை ஏற்றுத்தானே சேர்ந்தார்கள்' என்று யாராவது சொல்லக்கூடும். 6,89,003 பேரின் ஃபேஸ்புக் பக்கத்தில் வரும் மகிழ்ச்சியான அல்லது சோகமான பதிவுகளைக் குறைத்து மனநிலையைச் சோதித்த ஆய்வு 2014-இல் வெளியானபோதும் இதே சமாதானம்தான். வெளியிட்ட ஆய்விதழே பிறகு தன் கவலையைப் பதிவுசெய்ய வேண்டியதாயிற்று.

பல்கலைக்கழக நெறிமுறைக் குழுவின் ஒப்புதலை முதலில் வாங்குங்கள். ஆயிரக்கணக்கான பதிவுகளில் எந்தச் சொல் எத்தனை முறை வருகிறது என்று எண்ணுவதற்கு ஒவ்வொருவரையும் தேடிப்போகச் சொல்ல மாட்டேன். மேற்கோள் வேறு. குழுவை நடத்துபவரிடம் சொல்லிவிட்டு, எழுதியவருக்கு அந்த வரியையே அனுப்பிக் கேளுங்கள். பதில் வராவிட்டால் சம்மதம் என்று கொள்ளாதீர்கள். கருத்தை உங்கள் சொற்களில் எழுதி, அதையும் தேடுபொறியில் இட்டுப் பாருங்கள். அகப்பட்டால் மறுபடி எழுதுங்கள்.

ஆய்வேட்டைச் சமர்ப்பிக்கும் முன் அந்தக் குழுவுக்கு ஒருமுறை திரும்பிப் போங்கள். இதற்கிடையில் யாராவது தம் பதிவை அழித்திருந்தால், உங்கள் கோப்பிலிருந்தும் அழித்துவிடுங்கள்.