டிவி பேசுவது புரியவில்லையா?

கேள்வி: ஹாலில் 55 இன்ச் டிவியைச் சுவரில் மாட்டியிருக்கிறோம். எவ்வளவு சத்தம் வைத்தாலும் மாமனாருக்கு வசனம் புரியவில்லை. பாட்டு வந்தாலோ பக்கத்து ஃப்ளாட்காரர் காலிங்பெல் அடிக்கிறார். '1000 வாட்ஸ் ஹோம் தியேட்டர் வாங்கலாம்' என்கிறார் கணவர். 20,000 ரூபாய்க்குள் என்ன வாங்கலாம்?
*வாசகி, ஸ்ரீரங்கம்*

பதில்: கணவர் கோபித்துக்கொள்ளக் கூடாது, அந்த 1000 வாட்ஸ் வேண்டாம். சென்னை ரிச்சி தெருவில் நான் ஸ்பீக்கர் கோன் ஒட்டிக்கொண்டிருந்த காலத்தில் டூ-இன்-ஒன் செட் மேல் '2000 வாட்ஸ் பிஎம்பிஓ' (கண நேர உச்சத்தை வைத்துச் சொல்லும் விளம்பரக் கணக்கு) என்று ஸ்டிக்கர் மின்னும். திறந்து பார்த்தால் உள்ளே இருக்கும் ஐசி பத்து வாட்ஸ் தந்தாலே பெரிய விஷயம். இன்றும் அட்டைப்பெட்டியில் 'ஆர்எம்எஸ்' (தொடர்ந்து தரும் நிஜ சக்தி) எவ்வளவு என்று மட்டும் பாருங்கள். உங்கள் ஹாலுக்கு 100 வாட்ஸ் தாராளம்.

ஒல்லி டிவிகளில் ஸ்பீக்கர் பெரும்பாலும் தரையைப் பார்த்தோ, முதுகுப்பக்கம் சுவரைப் பார்த்தோதான் இருக்கும். குரல் எங்கேயோ மோதி, மழுங்கித்தான் வந்து சேரும். வயதானவர்கள் காதுக்கு முதலில் எட்டாமல் போவதும் ச, ஸ, ஃப போன்ற கூர்மையான ஒலிகள்தான். வால்யூமைக் கூட்டினால் பாட்டும் சண்டையும் சேர்ந்து கூடும், அவ்வளவுதான்.

செலவில்லாத வைத்தியம் ஒன்று. செட்டாப் பாக்ஸில் ஆடியோ செட்டிங் 'டால்பி' (பல ஸ்பீக்கர்களுக்கான ஒலி) என்றிருந்தால் 'ஸ்டீரியோ' அல்லது 'பிசிஎம்' (இரண்டு ஸ்பீக்கருக்கான சாதா ஒலி) ஆக்கிப் பாருங்கள். சில வீடுகளில் இதிலேயே பாதிப் பிரச்னை தீர்ந்துவிடும்.

தீராவிட்டால் 3.1 சவுண்ட்பார், அதாவது டிவிக்குக் கீழே வைக்கும் நீள ஸ்பீக்கர் பெட்டி, வாங்குங்கள். 2.1-ல் இடம், வலம் இரண்டும் 'தும் தும்' ஒலிக்கான தனிப் பெட்டியான ஒரு சப்வூஃபரும்தான். 3.1-ல் நடுவில் தனி ஸ்பீக்கர் இருக்கும்; 5.1-ல் (பின்னால் இரண்டு ஸ்பீக்கரும் சேர்ந்த ஒலியில்) வரும் படங்களில் வசனம் பெரும்பாலும் அதன் வழியாகத்தான் வரும். ரிமோட்டில் 'வாய்ஸ்' பட்டனும் இருந்தால் விடாதீர்கள். கடைக்கு மாமனாரையே அழைத்துப் போங்கள். குத்துப்பாட்டு போட்டுக் காட்டுவார்கள். 'செய்தி சேனல் வைப்பா' என்று அவரையே கேட்கச் சொல்லுங்கள்.

இணைப்பு எச்டிஎம்ஐ ஏஆர்சி வழியாகத்தான்; டிவியின் சத்தத்தை எச்டிஎம்ஐ கேபிளிலேயே பாருக்கு அனுப்புவது இது. 2009-லேயே வந்த வசதி. டிவியின் ஒரு போர்ட்டில் 'ஏஆர்சி' என்று எழுதியிருக்கும். டிவி ரிமோட்டிலேயே சத்தம் கூடும், குறையும். ஆப்டிகல் ஒயர் போட்டால் பெரும்பாலும் இரண்டு ரிமோட் தேட வேண்டிவரும். ப்ளூடூத்தில் உதடு ஒருபக்கம், குரல் ஒருபக்கம் ஓடும்.

சுவருக்குள் ஒயர் கொண்டுபோகும் விஷயத்தில்தான் பலர் மாட்டிக்கொள்கிறார்கள். எலக்ட்ரீஷியன் வழக்கம்போல் முக்கால் இன்ச் பைப் பதித்துவிட்டுப் போவார். எச்டிஎம்ஐ பிளக்கின் தலை அதில் நுழையாது; கரண்ட் ஒயர் மாதிரி வெட்டி ஒட்டவும் முடியாது. ஒன்றரை இன்ச் பைப், வளைவில் எல்போ போடாமல் நீள பெண்டு, கரண்டுக்கு வேறு பைப் என்று முதலிலேயே கறாராகச் சொல்லிவிடுங்கள். சுவரை வெட்ட மனமில்லையா? வெளியே ஒயரை மூடும் கேசிங் பட்டி அடித்தால் போதும், அசிங்கம் ஒன்றுமில்லை.

பாரை டிவிக்குக் கீழே, ரிமோட் சிக்னல் வாங்கும் இடத்தை மறைக்காமல் இரண்டு மூன்று இன்ச் விட்டு மாட்டுங்கள். ஷோகேஸ் தட்டுக்குள் தள்ளிவிடாதீர்கள். சப்வூஃபர் மூலையில் இருந்தால் 'தும் தும்' அதிகமாகும். பக்கத்து ஃப்ளாட்டோடு ஒட்டிய சுவரைவிட்டுத் தள்ளி, அடியில் ரப்பர் ஷீட் போட்டு வையுங்கள். 'வயர்லெஸ்' என்றாலும் அதற்கும் ஒரு பிளக் பாயின்ட் வேண்டும். வாங்கும் முன்பே பார்த்துவையுங்கள்.

கேள்வி: அட்மாஸ் சவுண்ட்பார் வாங்கினேன். மேலிருந்து சத்தமே வரவில்லை. எங்களுடையது ஓட்டு வீடு.
*வாசகர், கும்பகோணம்*

பதில்: அட்மாஸ் என்றால் தலைக்கு மேலிருந்தும் சத்தம் கேட்கும் முறை. அந்த பாரின் மேல்பக்க ஸ்பீக்கர் சத்தத்தைக் கூரையில் அடித்துத் திருப்பிக் காதுக்கு அனுப்ப வேண்டும். அதற்குத் தட்டையான தளம் தேவை. சரிந்த ஓட்டில் பட்டது எங்கெங்கோ சிதறிவிடும். பாரில் பழுதில்லை. கடைக்காரர் மாற்றித் தந்தால், மேல்பக்க ஸ்பீக்கர் இல்லாமல் பின்னால் இரண்டு தனி ஸ்பீக்கரோடு வரும் 5.1 வாங்கிக்கொள்ளுங்கள்.