ஹே ஊருக்குக் குடிவரலாமா?

தம்பி, மனைவிக்கு ஆஸ்திரேலியாவின் நியூ சவுத் வேல்ஸ் மாநிலத்தில் இருக்கும் எங்கள் ஹே ஊர் மருத்துவமனையில் நர்ஸ் வேலை கிடைத்திருக்கிறது, கைக்குழந்தையோடு அவ்வளவு சின்ன ஊரில் காலம் தள்ள முடியுமா என்று கேட்டிருக்கிறீர்கள். தாராளமாக முடியும், வாங்க. ஆனால் இரண்டு பேருமே கார் ஓட்டப் பழகிவிட வேண்டும். இங்கே பஸ்ஸை நம்பி இருக்க முடியாது. மனைவி டியூட்டிக்குப் போனபிறகு குழந்தைக்குக் காய்ச்சல் என்றால் நீங்கள்தான் ஓட்ட வேண்டும்.

ஸ்டர்ட், காப், மிட் வெஸ்டர்ன் என்று மூன்று நெடுஞ்சாலைகள் கூடுகிற ஊர் இது. சிட்னிக்கும் அடிலெய்டுக்கும் ஏறக்குறைய நடுவில் இருப்பதால், போகிறவர்கள் பெட்ரோல் போட்டு, ராத்திரி தங்கிவிட்டுக் கிளம்பிவிடுவார்கள். வெறும் பொட்டல்காடு என்று அவர்கள் சொன்னால் நம்பாதீர்கள். லாக்லன் தெருவுக்குள் நடந்து பாருங்கள், மரம்பிட்ஜி ஆற்றங்கரைக்குப் போய்ப் பாருங்கள். ஒரு மாதத்தில் கடைக்காரர் உங்கள் குழந்தையைப் பெயர் சொல்லிக் கூப்பிடுவார். பக்கத்து வீட்டு அம்மா தன் மரத்து எலுமிச்சைகளைப் பையில் போட்டு வாசலில் வைத்துவிட்டுப் போவார். சிட்னியில் நான் இருந்தபோது எதிர்வீட்டில் யார் இருந்தார்கள் என்றே தெரியாது.

ஊரைச் சுற்றிக் கண்ணுக்கெட்டிய தூரம் தட்டையான சமவெளி. கோடையில் வெயில் 40 டிகிரியைத் தாண்டும். பொழுது சாய்ந்தபின் நெடுஞ்சாலையில் போகாமல் இருப்பது நல்லது, கங்காரு குறுக்கே பாயும். பாய்ந்தால் ஸ்டியரிங்கை ஒடிக்காதீர்கள், நேராகப் பிடித்துக்கொண்டு பிரேக் போடுங்கள். ஒடித்துத்தான் பலர் வண்டியைக் கவிழ்க்கிறார்கள். காரில் எப்போதும் தண்ணீர் இருக்கட்டும், சில இடங்களில் போனுக்கு சிக்னல் கிடைக்காது.

மளிகைக்குக் கவலை வேண்டாம். சுமார் 150 கிலோமீட்டரில் கிரிஃபித் நகரம் இருக்கிறது. அங்கே பஞ்சாபிக் குடும்பங்கள் நிறைய, உளுந்தும் மசாலாவும் கிடைக்கும். ஸ்பெஷலிஸ்டைப் பார்க்கவும் பெரும்பாலும் அங்கேதான், இல்லையென்றால் வாகா வாகா நகரத்துக்குப் போக வேண்டும். கிரைண்டரை ஊரிலிருந்தே கொண்டு வாருங்கள், இங்கேயும் 230 வோல்ட்தான், பிளக் மட்டும் மாற்ற வேண்டும்.

அப்புறம், வாடகை வீடு இங்கே லேசில் அமையாது. முதல் சில மாதங்களுக்குத் தங்க இடம் தருவார்களா என்று கையெழுத்துப் போடும் முன்பே மருத்துவமனையில் கேட்டு, எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள்.