கல்லூரிகளுக்குப் பல்கலைக்கழகம் மாறும் காலத்தில் துணைவேந்தரால் உண்மையில் என்ன செய்ய முடியும்?

நிறையவே முடியும், ஆனால் தனியாக முடியாது. நம் குமரி மாவட்டக் கல்லூரிகளையே பாருங்கள். மதுரை காமராசர் பல்கலைக்கழகத்தின் கீழ் இருந்தவை, 1990-இல் திருநெல்வேலியில் மனோன்மணியம் சுந்தரனார் பல்கலைக்கழகம் தொடங்கியதும் அதனுடன் இணைந்தன. 1992 முதல் 1998 வரை வே. வசந்தி தேவி துணைவேந்தர். பதவிக்காலம் பொதுவாக 3 ஆண்டுதான். புதுப் பல்கலைக்கழகத்துக்கு இரண்டு தவணை ஒருவரே இருந்தது பெரிய விஷயம்.

முக்கிய முடிவுகளுக்குப் பல்கலைக்கழகத்தின் நிர்வாகக் குழுவான சிண்டிகேட்டின் ஒப்புதல் வேண்டும். அதனால் பேசி இணங்க வைப்பதுதான் பாதி வேலை.

அப்புறம், மாணவர்கள். பழைய பாடத்திட்டத்தில் சேர்ந்தவர் அதிலேயே அரியர் எழுதி முடிக்க வழி இருக்கிறதா? ஒரு சான்றிதழுக்காக நாகர்கோவிலிலிருந்து திருநெல்வேலிக்குப் பஸ் ஏறும் பிள்ளைக்கு அன்றே வேலை முடிகிறதா? தலைமையை நான் இங்கேதான் அளப்பேன்.